மணலைக் கழுவலாமா என்று கேட்காதீர்கள், எத்தனை தடவை என்று கேளுங்கள்

கேள்வி: சென்னையிலிருந்து கோவைக்குக் குடிபெயர்கிறோம். நான்கு வருடமாக ஓடும் நான்கு அடிக் கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. இரண்டு கோமாளி மீன், மஞ்சள் நிற ராஸ் மீன் ஒன்று, பாறைகள், இரண்டு அங்குல மணல். வீடு மாற்றித் தரும் ஆட்கள், தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு மணலோடு அப்படியே தூக்கிவிடலாம் என்கிறார்கள். மீன் கடைக்காரரோ, மணலைக் கழுவினால் நல்ல பாக்டீரியா செத்துவிடும், அதைத் தொடாதீர்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சையும் கேட்காதீர்கள்.

முதலில் தூக்குகிறவர்கள். நான்கு அடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் இரண்டு அங்குல மணல் என்றால், ஈரத்தோடு ஏறக்குறைய ஐம்பது கிலோ. நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்துப் படியிறங்கும்போது அந்தப் பாரம் முழுவதும் அடிக் கண்ணாடியிலும் சிலிக்கோன் ஒட்டிலும்தான் இறங்கும். அப்போதே உடைந்தாலும் பரவாயில்லை. கோவையில் தண்ணீர் நிரப்பி நான்காம் நாள் இரவு கசியத் தொடங்கும். ரசீதைத் திருப்பிப் பார்த்தால், கண்ணாடிப் பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எத்தனை பேர் இப்படி அழுதாலும் அந்தப் பொடி எழுத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. தொட்டி வண்டியில் ஏறும்போது வெறும் தொட்டியாக ஏற வேண்டும்.

இனி மணல். தூர் வாராத பழைய கிணற்றில் இறங்கிக் கலக்கினால் என்ன எழும்புமோ அதேதான் உங்கள் மணலுக்கு அடியிலும் இருக்கிறது. நான்கு வருட மீன் கழிவு, தின்னாமல் விட்ட இரை, அழுகல். காற்றுப் படாத அடுக்கில் கருப்பாகத் தெரிவதும், கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிப்பதும் இதனால்தான். கலங்காத வரை அதனால் தொல்லையில்லை. கலங்கிவிட்டால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டு அமோனியாவைக் கக்கும். நன்னீர்த் தொட்டியைவிடக் கடல்நீர்த் தொட்டியில் அமோனியா கொடியது, ஏனெனில் கடல்நீர் காரத்தன்மை உடையது. பல வருடங்களுக்கு முன் நானும் சோம்பல்பட்டு மணலைக் கழுவாமல் வேறு தொட்டிக்கு மாற்றியிருக்கிறேன். மூன்று நாளில் ஐந்து மீன்கள் போயின.

பாக்டீரியா செத்துவிடாதா? மணலில் இருப்பவை சாகும், சாகட்டும். அமோனியாவை உடைத்து உங்கள் தொட்டியைக் காப்பாற்றுகிற பாக்டீரியாவில் பெரும்பகுதி பாறையின் துளைகளில் குடியிருக்கிறது. பாறையை வழி முழுவதும் உப்புத் தண்ணீரில் மூழ்கவைத்து, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் போட்டுக் கொண்டுபோனால் போதும். கடைக்காரர் ஏன் பயமுறுத்துகிறார் என்று கேட்டால், அவரது அலமாரியில் ஒரு பாட்டில் இருக்கும். பாக்டீரியா பாட்டில். எப்போது தயாரித்தது, இத்தனை நாள் எந்த வெயிலில் கிடந்தது என்று கேளுங்கள், முகம் மாறும். இன்னொரு வித்தை இன்னும் மோசமானது. "பழைய பாறை கெட்டுப்போயிருக்கும் சார், நான் எடுத்துக்கொள்கிறேன், புதிது போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள். உங்கள் பாறை அடுத்த வாரமே வேறொருவர் தொட்டியில் இருக்கும். உங்களுக்கு வரும் புதியது, செய்தித்தாளில் சுற்றிய பவளத் துண்டாக இருக்கலாம். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டம் காகிதத்தில் உறங்குகிறது, துண்டு கடைக்குக் கடை போகிறது. உங்களுடையது செயற்கைப் பாறை என்றே எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

செய்ய வேண்டியது இது. எதையும் கிளறுவதற்கு முன்பே தெளிந்த தண்ணீரைக் கேன்களில் பிடித்து வையுங்கள். பாதித் தண்ணீர் போதும், மீதியைக் கோவையில் புதிதாக உப்புக் கலந்து செய்துகொள்ளலாம். பிறகு பாறைகள், பிறகு மீன்கள், கடைசியாகத்தான் மணல். மேல்மணலில் ஒரு டம்ளர் மட்டும் தனியாக எடுத்துத் தொட்டித் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மிச்சத்தை ஐந்து ஐந்து கிலோவாக வாளியில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசி, கலங்கல் தண்ணீரைக் கொட்டுங்கள். எட்டு, பத்துத் தடவை ஆகும். ஒரு பிடி மணலைக் கண்ணாடி டம்ளரில் போட்டுக் கலக்கி, அதன் வழியாகச் செய்தித்தாள் படிக்க முடிந்தால் நிறுத்தலாம். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர். அலுப்பாக இருந்தால் பழையதை எறிந்துவிட்டுப் புதிய அரகோனைட் மணல், அதாவது சுண்ணாம்பு மணல், வாங்குங்கள், அதையும் கழுவத்தான் வேண்டும். கடற்கரையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது தொட்டிக்குத் தேவையான சுண்ணாம்பு மணல் அல்ல, பெரும்பாலும் குவார்ட்ஸ், இரும்பு கலந்த கருமணலும் அதில் உண்டு. அள்ளுவதும் குற்றம்.

உங்கள் ராஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் ராஸ் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் மீன். மிரண்டாலும் மணலுக்குள்தான் பாயும். நீங்கள் பாறையைத் தூக்கிய மறுநொடி அதைக் காணோம் என்று தேடுவீர்கள், அது நீங்கள் சாக்கில் கொட்டப்போகும் மணலுக்குள் இருக்கும். ஆகவே முந்தின நாள் பகலிலேயே பிடியுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் வாய்ப்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு ஒன்று வைத்துத் தொட்டியில் கிடத்தினால் தானாக வந்து மாட்டும். வலையால் துரத்தாதீர்கள். பிடித்த பின் இரை போட வேண்டாம். மாட்டவில்லையென்றால் மணலை மண்வெட்டியால் அள்ளாமல், கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் எடுத்துப் பார்த்துப் பார்த்து வையுங்கள். பயணத்தின்போது பையில் மணல் போடத் தேவையில்லை. தனிப் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன், மேலே கருப்புத் துணி. உங்களோடு காரில் வர வேண்டும், லாரியில் அல்ல. ஆனால் கோவையில் தொட்டிக்குள் விடும்போது மணல் தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றிரவு முழுக்கக் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கும். கோமாளி மீன்களுக்கு இந்தக் கவலை இல்லை.

உப்பின் அளவு பழைய தொட்டியில் இருந்ததுபோலவே 1.025 அடர்த்தியில் இருக்கட்டும். முதல் வாரம் தினமும் அமோனியா சோதனை, இரை பாதி. தொடர்ந்து மூன்று நான்கு நாள் சுழியம் காட்டினால் அந்த ஒரு டம்ளர் பழைய மணலை முகர்ந்து பாருங்கள், வாடை இல்லையென்றால் மேலே தூவிவிடுங்கள்.