பாரிஸில் கத்தி ஷேவ்: எங்கே போவது, எதைக் கேட்பது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரி முத்தியால்பேட்டை, வேலை பாரிஸில். ஊரில் இருந்தவரை சலூனில் சாய்ந்து உட்கார்ந்து, நுரை போட்டுக் கத்தியால் ஷேவ் செய்துகொண்டே பழகியவன். இங்கே ஒரு கடையில் ‘ஷேவ்’ என்று கேட்டு உட்கார்ந்தேன். மெஷினால் தாடியை ஒட்ட வெட்டி, ஓரத்தில் மட்டும் பிளேடு போட்டுவிட்டு 28 யூரோ வாங்கிவிட்டார்கள். நம்ம ஊர் மாதிரி ஷேவ் இங்கே எங்கே கிடைக்கும்? அல்லது அடுத்த மாதம் விடுமுறைக்கு வரும்போது ஒரு சவரக் கத்தி வாங்கிப் போய் நானே செய்துகொள்ளட்டுமா?

பதில்: கத்தி வாங்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சலூன்காரர் உங்கள் முகத்தை எதிரே நின்று பார்க்கிறார், இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடிக்கிறார், பல வருடம் பழகியிருக்கிறார். கண்ணாடியைப் பார்த்து நம் கழுத்தில் நாமே கத்தி வைப்பது முற்றிலும் வேறு வேலை.

பணத்தைப் பொறுத்தவரை, உங்களுக்குக் கிடைத்தது தாடி ஒழுங்குபடுத்தும் சேவை. கத்தி ஷேவ் பெரும்பாலும் தனி வரியில், தனி விலையில் இருக்கும். பிரான்சில் முடிதிருத்தும் கடைகள் வெளியிலிருந்தே தெரியும்படி விலைப்பட்டியல் வைக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் படித்துவிட்டு, உட்காரும் முன்பே கேளுங்கள்: முகம் முழுக்க நுரை உண்டா, சூடான துண்டு உண்டா, கத்தி ஒரு தரமா இரண்டு தரமா? 25 யூரோவும் அதற்கு மேலும் ஆகும் சேவைக்கு அவர்களே ரசீது தர வேண்டும். அதற்குக் குறைவென்றால் நீங்கள் கேட்டால் தந்தாக வேண்டும். உங்கள் 28 யூரோவுக்கு ரசீது தந்திருந்தால் அதில் என்ன சேவை என்று எழுதியிருக்கிறது பாருங்கள். கத்தி ஷேவ் என்று எழுதியிருந்தால் தாராளமாகப் போய்க் கேட்கலாம்.

கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா சப்பல் பகுதியில் முதலில் தேடுங்கள். நம்மவர் கடைகள் நிறைந்த இடம், தமிழிலேயே விவரம் சொல்லலாம். பத்தாம் வட்டாரத்தின் பாசாஜ் பிராடியும் இந்திய, பாகிஸ்தான் கடைகளுக்குப் பேர்போனது. துருக்கிக்காரர் கடைகளை ஒதுக்காதீர்கள். சூடான துண்டும் கத்தியும் அவர்கள் மரபிலேயே உண்டு, வேலை சுத்தம். காதோர முடியை நெருப்பால் தட்டிவிடும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு, வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே செவ்வாய் போல அங்கே பல கடைகளுக்குத் திங்கள் விடுமுறை.

எந்த ஊரானாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிளேடு உங்கள் கண்ணெதிரே உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். பாதி பிளேடு மாட்டும் கத்திதான் இன்று எங்கும் புழக்கம். முந்தையவருக்குப் போட்ட மறுபாதி உங்களுக்கு வரக்கூடாது என்று நினைத்தால் கேட்டுவிடுங்கள், இதில் கூச்சமே வேண்டாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளியே போதும். எல்லார் முகத்திலும் தேய்க்கும் ஒரே படிகாரக் கல்லும் அதே ஆபத்துதான். நம்ம ஊர் சலூனில் புது பிளேடு மாற்றுபவர்கள்கூட அந்தக் கல்லை மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. இந்நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. போட்டுக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கூலி அதிகமான ஊரில் அரை மணி நேரக் கைவேலைக்கு விலை இருக்கத்தான் செய்யும். அதனால் கடைக்கு மாதம் ஒரு தரம், மற்ற நாள் வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் வரும்போது இரட்டை முனை பிளேடு மாட்டும் பழைய மாதிரி ரேசர், ஒரு பிரஷ், ஷேவிங் சோப்பு, நாட்டு மருந்துக் கடையில் உங்களுக்கென்று ஒரு படிகாரக் கல் வாங்குங்கள். நேரு வீதி, பெரிய மார்க்கெட் பக்கமே எல்லாம் முடிந்துவிடும். குளித்த கையோடு, முடி ஊறியிருக்கும்போது செய்யுங்கள். ரேசரை அழுத்தாதீர்கள், அதன் எடையே போதும். முதல் தரம் முடி வளரும் வாட்டத்தில், மறுபடி நுரை போட்டு இரண்டாம் தரம் குறுக்காக. சுருட்டை முடிக்காரர்கள் எதிர் வாட்டத்தில் வழித்தால் முடி தோலுக்குள்ளேயே வளைந்து கொப்புளம் வரும்.

அப்புறம், பிளேடைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் போடுங்கள்.

கேள்வி: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். அப்பாவை ஜெர்மனியில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்புகிறோம். இங்கே சலூன்காரர் வீட்டுக்கே வந்து ஷேவ் செய்வார். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அங்கே என்ன செய்வது?

பதில்: அவருக்கு பிளேடே வேண்டாம்மா. சின்னக் கீறலும் நிற்க நேரமாகும். மின்சார ஷேவர் ஒன்று வாங்கி, புறப்படும் முன்பே சில வாரம் இங்கேயே பழக்கிவிடுங்கள். அங்கேயும் 230 வோல்ட்தான், இரண்டு மெல்லிய முள் உள்ள பிளக் அப்படியே பொருந்தும். பேட்டரி உள்ளதென்றால் கைப்பையில் வையுங்கள். ஷேவர் தலையைக் கழற்றிக் கழுவக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்கினால் தம்பிக்கும் வேலை குறையும்.