இரண்டு பொருள்கள் ஒன்றாக விழுகின்றனவா என்று பார்க்கச் செயற்கைக்கோள் எதற்கு?

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. வீவக புளோக்கின் பத்தாம் மாடியிலிருந்து விழும் பொருள் மூன்று விநாடிக்குள் தரையைத் தொட்டுவிடும். காற்றும் தடுக்கும். அவ்வளவு நேரத்தில் நுணுக்கமாக என்ன அளப்பது?

செயற்கைக்கோள் பூமியைச் சுற்றுவதும் விழுவதுதான், ஆனால் தரை வராது. அதனால் நாள்கணக்கில் அளக்கலாம். 2016 ஏப்ரலில் ஏவப்பட்ட பிரான்சின் ‘மைக்ரோஸ்கோப்’ செயற்கைக்கோள், டைட்டானியம் உருளைக்குள் பிளாட்டினம்-ரோடியம் உருளையை வைத்து, சுமார் 710 கி.மீ. உயரத்தில் இதைத்தான் செய்தது. அங்கேயும் இருக்கும் துளிக் காற்றின் இழுவையைச் சின்ன வாயு உந்திகள் ஈடுகட்டின; எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

2022-இல் வந்த இறுதி முடிவு: பத்துக் கோடி கோடியில் சில பங்கு என்ற துல்லியத்திலும் இரண்டு உருளைகளும் விழுவதில் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்திருந்தால், எல்லாப் பொருள்களும் ஒரே மாதிரி விழும் என்பதை அடிப்படையாகக் கொண்ட ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலையே திருத்த வேண்டியிருக்கும்.