டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தி வாங்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 52. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு பார்க்கிறார். போன கார்த்திகையில் ராத்திரி 9 மணிக்கு நெஞ்சுவலி. மேலேயே ஓர் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிவந்து சேலத்தில் சேர்த்தோம். மறுநாள் காலை 7.30-க்கு ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். பில்லை மெடிகிளெய்ம் கட்டிவிட்டது. பெரிய நோய் வந்தால் மொத்தமாகப் பணம் தரும் என்று தனியாக எடுத்திருந்த 10 லட்ச ரூபாய் கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியில்தான் தகராறு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அக்யூட் இஸ்கீமிக் ஹார்ட் டிசீஸ், ஐ 24.9’ என்று இருக்கிறதாம். பாலிசியின் மாரடைப்பு வரையறைக்குள் வரவில்லை என்று ரிஜெக்ட் செய்துவிட்டார்கள். இதயத்தில் எது வந்தாலும் பணம் வரும் என்றுதான் ஏஜென்ட் சொன்னார். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கும் தம்பி, ஐ 24.9 என்ற அந்த நோய்க் குறியீட்டை (கோடு) மாற்றி வேறு சம்மரி பிரின்ட் போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? ஆஸ்பத்திரி மேலும் கம்பெனி மேலும் கேஸ் போடலாமா?
— வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. எனக்கு வேண்டிய ஒரு தகவல் மட்டும் அதில் இல்லை. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம் ட்ரோபோனின். அதற்கான இரண்டாவது டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு?

ஏஜென்ட் வாயால் சொன்னதை மறந்துவிடுங்கள். டியூட்டி டாக்டர் எரிந்து விழுந்ததும் கேஸுக்கு உதவாது. ஆஸ்பத்திரி மேல் வழக்கும் இப்போது வேண்டாம். நாளைக்கு உங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்களே அவர்கள்தான்.

இந்த வகை பாலிசிகளில் மாரடைப்புக்கான வரையறையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரே மாதிரி வகுத்துவைத்திருக்கிறது. மாரடைப்புக்கே உரிய நெஞ்சுவலி போன்ற அறிகுறி, ஈ.சி.ஜி.யில் புதிய மாற்றம், ரத்தத்தில் ட்ரோபோனின் போன்றவற்றின் உயர்வு, மூன்றும் வேண்டும். வெறும் ஆஞ்சைனா, அதாவது இதயத் தசை சாகாமல் வலி மட்டும் வருவது என்றால் பணம் கிடையாது. ரத்தக்குழாய் வழியாகச் செய்த சிகிச்சைக்குப் பிறகு ஏறிய ட்ரோபோனினும் கணக்கில் வராது. சம்மரியில் உள்ள கோடு என்ன என்று அந்த வரையறை கேட்பதேயில்லை. டாக்டர் ‘அக்யூட் கரோனரி சிண்ட்ரோம்’ என்றோ ‘அக்யூட் இஸ்கீமிக்’ என்றோ பொதுவாக எழுதிவிட்டால், கோடிங் பார்ப்பவர் ஐ 24.9 தான் போடுவார். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து, இது மாரடைப்பு, ஐ 21.4 என்று அவராகத் தீர்மானிக்க முடியாது. ஆகவே அந்தக் கோடு டாக்டரின் சோம்பலைக் காட்டுகிறது, நோயாளிக்கு என்ன நடந்தது என்பதைக் காட்டவில்லை.

நீங்கள் அனுப்பிய நகலில் முதல் ட்ரோபோனின் இரவு 11.40-க்கு, நார்மல். வலி தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் நார்மலாக இருப்பது சகஜம்தான். இரண்டாவது ரிப்போர்ட்டில் நன்றாக ஏறியிருக்கிறது, ஆனால் அதில் அச்சான நேரம் காலை 9.50. ஆஞ்சியோவோ 7.30. கம்பெனி வக்கீல் இதைத்தான் பிடிப்பார். ரிப்போர்ட் வந்த நேரம் வேறு, ஊசி போட்டு ரத்தம் எடுத்த நேரம் வேறு. அது நர்ஸ் குறிப்பிலும் லேப் பதிவிலும் இருக்கும். முழு கேஸ் ஷீட்டையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஏற்காட்டில் எடுத்த ஈ.சி.ஜி. சுருளை உடனே ஜெராக்ஸ் எடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். அந்தத் தாள் சூட்டில் கறுத்துவிடும். ஒருவர் அப்படிக் கொண்டுவந்து நீட்டினார், கரித்துண்டு மாதிரி.

இப்போது அந்தத் தம்பி தருகிறேன் என்கிற இரண்டாவது சம்மரி. கையாலும் தொடாதீர்கள்.

சில வருஷத்துக்கு முன் ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு கட்சிக்காரர் வந்தார். நல்ல கேஸ், மூன்று ஆதாரமும் இருந்தது. என்னிடம் வருவதற்கு முன்பே அவசரப்பட்டுப் புது சம்மரி வாங்கி, கம்பெனிக்கும் அனுப்பியிருந்தார். நோயின் பெயர் மாறியிருந்தது, கோடு மாறியிருந்தது, டிஸ்சார்ஜ் தேதி மட்டும் பழையது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பிரின்ட் எடுத்த தேதி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ரிஜெக்ட் கடிதம் வந்து பதினோராம் நாள்! கேஷ்லெஸ்ஸுக்காக அனுமதி கேட்டு ஆஸ்பத்திரியே முதல் நாள் அனுப்பிய படிவத்தில் பழைய கோடு இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கையெழுத்துப் போட்ட டாக்டர் சாட்சிக்கு வரவேயில்லை. அதுவரை ‘வரையறைக்குள் வரவில்லை’ என்றிருந்த தகராறு ‘பொய் ஆவணம்’ என்று ஆனது. மோசடி என்றால் பாலிசியே போய்விடும். கடைசியில் பாதிக்கும் குறைவான தொகைக்கு நான்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். உண்மையான மாரடைப்புக்கு!

சரியான வழி வேறு. சிகிச்சை செய்த டாக்டரிடமே, இன்றைய தேதி போட்டு, தனிக் கடிதம் கேளுங்கள். இத்தனை மணிக்கு எடுத்த ஈ.சி.ஜி., இத்தனை மணிக்கு எடுத்த ட்ரோபோனின் ஆகியவற்றின்படி இது மாரடைப்புதான் என்று அவர் விளக்கம் எழுதலாம். பழைய சம்மரி அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. கம்பெனிக்கு அனுப்பப்போவதாக ஒரு மனு நகல் வைத்திருக்கிறீர்களே, அதைக் கிழித்துப் போடுங்கள். ‘நாலு வருஷமாக பி.பி. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார்’ என்று அதில் ஒரு வரி. பாலிசி எடுத்து மூன்று வருஷம். புரிகிறதா? ரிஜெக்ட் கடிதத்தில் சொல்லாத காரணத்தைக் கம்பெனி பிறகு கிளப்ப முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. நீங்களே மறுபரிசீலனை கேட்டு இதை எழுதிக் கொடுத்தால், வரும் இரண்டாவது கடிதத்தில் ‘பாலிசி எடுக்கும் முன்பே இருந்த பி.பி.யை மறைத்துவிட்டார்கள்’ என்பதும் சேரும். மனு அரைப் பக்கம் போதும். பொய்யும் வேண்டாம், கேட்காத கதையும் வேண்டாம்.

அதற்குப் பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். ஒரு வருஷக் கெடு, செலவில்லை, வக்கீலும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம் இருக்கிறதே என்று முதலில் அங்கே போனால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

ரத்தம் எடுத்தது 7.30-க்கு முன் என்று கேஸ் ஷீட் சொல்லி, ஈ.சி.ஜி.யிலும் புது மாற்றம் இருந்தால் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். பின் என்றால், கேஸே வேண்டாம். சில பாலிசிகளில் ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு என்றே ஒரு பகுதித் தொகை தனியாக உண்டு. உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்து, அதைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள்.