ஹைட்ரஜன் நம் படகுக்கு வருமா? மண்டபத்தில் கேட்ட கேள்விகள்

உரத் தொழிற்சாலையில் ஹைட்ரஜனோடு இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். ஊரார் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே.

பாம்பன் விசைப்படகுக்காரர்: அண்ணே, டீசல் விலை தாங்கவில்லை. ஹைட்ரஜனில் படகு ஓடாதா?

ஓடும் தம்பி. கொச்சியில் கட்டிய ஹைட்ரஜன் படகை 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்துதான் பிரதமர் தொடங்கி வைத்தார். ஆனால் அது ஆற்றிலும் காயலிலும் ஆள் ஏற்றுகிற படகு. வலை இழுக்கிற படகுக்குக் கணக்கே வேறு. ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருப்பது ஏறக்குறைய மூன்றேகால் லிட்டர் டீசலின் சக்தி. ஒரு பேரல், அதாவது 200 லிட்டர் டீசலுக்கு 60 கிலோ வேண்டும். எடை குறைவுதான், இடம்தான் வினை. காற்றழுத்தத்தைப் போல் 350 மடங்கில் அடைத்தாலும் 2,500 லிட்டர் பிடிக்கும். ஹைட்ரஜனைக் கரண்டாக மாற்றுகிற எரிபொருள் மின்கலம் டீசல் எஞ்சினைவிடச் சிக்கனம். அதைக் கழித்தாலும் ஒரு பேரல் நின்ற இடத்தில் ஏழெட்டு பேரல் நிறுத்த வேண்டும். அப்புறம் ஐஸையும் மீனையும் எங்கே வைப்பீர்கள்? கரையோரம் போய்த் திரும்புகிற நாட்டுப்படகுக்குப் பேட்டரிதான் முதலில் வரும் என்பது என் எண்ணம்.

கல்லூரி மாணவி: கமுதி சோலார் கரண்டை ஹைட்ரஜனாக்கி கார் ஓட்டலாமே சார்?

வேண்டாம்மா. தண்ணீரைக் கரண்டால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கவே 50 யூனிட்டுக்கு மேல் போகும். 100 யூனிட்டில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது முப்பது சொச்சம். பேட்டரியில் எழுபதுக்கு மேல்.

சாயல்குடி அக்கா: குடிக்கவே தண்ணீர் இல்லாமல் குடத்தை வண்டியில் வைத்துத் தள்ளுகிறோம். இதற்கு எங்கே தண்ணீர்?

நியாயமான கேள்வி அக்கா. கிலோவுக்குக் குறைந்தது 9 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். ஊர்த் தண்ணீரில் ஒரு குடம்கூட எடுக்கக் கூடாது, கடல்நீரைத்தான் சுத்திகரிக்க வேண்டும். அதற்கு ஆகிற கரண்ட் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட்தான். எனக்குக் கவலை, மிஞ்சுகிற உப்புக் கழிவுநீர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. அங்கே அதை விட்டால் மீன் எங்கே குஞ்சு பொரிக்கும்?

வெடிக்குமா?

கசிந்தால் வேகமாக மேலே போய்விடும், மூடிய அறைதான் ஆபத்து. தீப்பிடித்தால் பகலில் கண்ணுக்கே தெரியாது. அந்தக் காலத்தில் கசிவு தேடிப் போகிறவர்கள் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பதுண்டு. நுனி பற்றினால் அங்கே தீ.

அப்படியென்றால் எதற்குத்தான் ஆகும்?

முண்டு மிளகாய்க்குப் போடுகிறீர்களே யூரியா, அதற்கு. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன். அதை இன்று இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறோம். கிலோவுக்கு ஒன்பது பத்து கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. பேட்டரியால் உரம் செய்ய முடியாது. 2030க்குள் வருடத்துக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன், அதாவது சோலார், காற்றாலை போன்ற கரண்டில் எடுக்கிற ஹைட்ரஜன் என்று 2023இல் மத்திய அரசு இலக்கு வைத்தது. அதில் முதல் கிலோ உர ஆலைக்கும் இரும்பு ஆலைக்கும் போகட்டும்.