ஐந்து வயதில் 128, ஒன்பது வயதில் 114: மகளுக்கு என்ன ஆயிற்று?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகளின் இரண்டு ஐ.க்யூ. (நுண்ணறிவுத் தேர்வு) அறிக்கைகளையும் நிதானமாகப் படித்தேன். "பதினான்கு புள்ளி போய்விட்டதே, வளர்ப்பில் எங்கே கோட்டை விட்டோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடமிருந்தோ அவளிடமிருந்தோ எதுவும் போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐ.க்யூ. உயரம், எடை போன்ற அளவு இல்லை. ஒரே வயதுப் பிள்ளைகளின் வரிசையில் நம் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று காட்டும் எண் அது. அந்தந்த வயதின் சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் நடுவில் வருவார்கள். ஐந்து வயதில் அவளால் தொடக்கூட முடியாத கேள்விகளுக்கு இப்போது பதில் சொல்கிறாள். ஆனால் இப்போது அவளோடு ஒப்பிடப்படுபவர்களும் ஒன்பது வயதுக்காரர்கள். 114 என்றால், அவள் வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறக்குறைய 82 பேரைவிட முன்னால் இருக்கிறாள்.

சரி, வரிசையில் இடம் ஏன் மாறியது? சிறு வயது மதிப்பெண் அவ்வளவு உறுதியானது இல்லை. கைக்குழந்தைகளுக்குச் செய்யும் வளர்ச்சிச் சோதனைக்கும் பின்னாளில் வரும் ஐ.க்யூ.வுக்கும் தொடர்பு மிகக் குறைவு. பள்ளி தொடங்கும் வயதில் அந்தத் தொடர்பு கொஞ்சம் கூடுகிறது, அதற்கு மேல் வயது ஏற ஏற நிலைப்படுகிறது. ஸ்காட்லாந்தில் 1932இல் பதினொரு வயதுப் பிள்ளைகள் அநேகமாக எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரு தேர்வு வைத்தார்கள். அவர்களில் சிலர் 77 வயதை எட்டியபோது, உளவியல் ஆய்வாளர் இயன் டியரியின் குழு அவர்களைத் தேடிப் பிடித்து அதே தேர்வை மறுபடி எழுத வைத்தது. இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.63. முழுப் பொருத்தம் என்றால் 1 வரும். 66 ஆண்டு இடைவெளிக்கு 0.63 வியக்க வைக்கும் அளவுதான்.

ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனிப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் நடந்து 1948இல் வெளியான ஆய்வில், 6 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினரின் எண் 15 புள்ளியோ அதற்கு மேலோ மாறியிருந்தது. உங்கள் மகளின் 14 அதைவிடக் குறைவுதான்.

காரணங்களும் சாதாரணமானவைதான். ஐந்து வயதுக்கான தேர்வும் ஒன்பது வயதுக்கான தேர்வும் வேறு வேறு. ஒரே தேர்வில்கூட ஐந்தாறு புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வது இயல்பு. அன்றைய தூக்கமும் காய்ச்சலும் எதிரில் உட்கார்ந்த புது ஆளும் போதும். அப்புறம், முதல் முறை மிக உயர்ந்த எண் வந்திருந்தால், அதில் அன்றைய நல்ல நேரத்தின் பங்கும் கொஞ்சம் கலந்திருக்கும். அடுத்த முறை சராசரிப் பக்கம் சற்று நகர்வதே எதிர்பார்க்கக்கூடியது.

ஒன்பது வயது அறிக்கையில் நீங்கள் புரட்டாமல் விட்ட இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. சொல் சார்ந்த சிந்தனையில் அவளுக்கு 125. வேகத்தை அளக்கும் பகுதியில் 94. மொத்த எண்ணைக் கீழே இழுத்ததில் இந்த வேகத்துக்குப் பெரிய பங்கு. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது 114 என்ற ஒற்றை எண் அவளைச் சரியாகக் காட்டாது. யோசிப்பதில் அவளுக்குச் சிக்கல் இல்லை. பென்சில் பிடித்து வேகமாகக் குறிக்கும் இடத்தில்தான் தாமதம். பதில் தெரிந்தும் பரீட்சையில் நேரம் போதவில்லை என்று அவள் அழுவதாக எழுதியிருந்தீர்களே, அதோடு இது பொருந்துகிறது. கண் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். தப்பு செய்துவிடுவோமோ என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறாளா என்றும் கவனியுங்கள்.

திறன் மிகுந்த பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பிலிருந்து அவளை எடுத்துவிடலாமா என்றால், வேண்டாம். அவளுக்கு அது பிடித்திருக்கிறது, வேலையையும் செய்கிறாள். பின்னால் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் காலத்தில் இந்த இரண்டு எண்களையும் நான் மேசையில் வைக்கப் போவதில்லை. அவள் எதில் நேரம் போவது தெரியாமல் உட்காருகிறாள் என்பதைத்தான் உங்களிடம் கேட்பேன்.

இந்த ஆண்டே மறுபடி தேர்வு வைக்காதீர்கள். பழகிய கேள்விகளால் எண் சும்மாவே ஏறும், அதை நம்ப முடியாது. தெரிந்ததை மறக்கிறாள், பேச்சு குறைகிறது, எல்லாப் பாடத்திலும் சரிகிறாள் என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் உடனே போங்கள்.

"நான் மக்கு ஆயிட்டேனா?" என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள். முன்பைவிட அவளுக்கு நிறையத் தெரியும், அது உண்மை. அடுத்த முறை வரும்போது அவளுடைய நோட்டுகள் இரண்டு மூன்று கொண்டுவாருங்கள், எழுதும் வேகத்தைச் சேர்ந்தே பார்ப்போம்.