வாசகர் கேள்விகள்: வட்டுக்கோட்டை செமினரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் உள்ள அமெரிக்க மிஷன் வளவைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது 1823 என்று ஒருவர் சொல்கிறார், 1872 என்று மற்றவர் சொல்கிறார். எது சரி?
— வாசகர், ரொறன்ரோ

இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஆண்டுகள் அல்ல. 1823இல் அமெரிக்க மிஷனரி டானியல் பூவர் தொடங்கியது வட்டுக்கோட்டை செமினரி. பொஸ்டனில் இருந்த அமெரிக்க மிஷன் சங்கம் பணம் அனுப்பி நடத்திய பள்ளி அது. 1855இல் அதே சங்கம் அதை மூடியது. 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. கேட்டு வாங்கியவர்கள் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள். அவர்களில் பலர் செமினரியின் பழைய மாணவர்கள். முதல் அதிபர் மிஷனரி ஈ. பி. ஹேஸ்டிங்ஸ். ஆனால் நிர்வாகம் மிஷனின் கையில் இல்லை. மிஷனரிகளும் உள்ளூர்க்காரரும் சேர்ந்திருந்த தனி இயக்குநர் சபை நடத்தியது. அமெரிக்காவில் திரட்டிய மூலதனத்தைப் பார்த்துக்கொள்ள மாசச்சூசெட்ஸில் தனி அறங்காவலர் குழு இருந்தது.

ஆக இடம் ஒன்று, உரிமை வேறு. பரம்பரை பேசும்போது 1823ஐச் சொல்லலாம். கல்லூரி யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று பேசும்போது 1872தான் கணக்கு.

அமெரிக்கர்கள் கொழும்பை விட்டுவிட்டு ஏன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள்? ‘கல்லூரி’ என்று பெயர் வைக்காமல் ‘செமினரி’ என்று ஏன் வைத்தார்கள்?
— வாசகி, சென்னை

இரண்டுக்கும் காரணம் பிரிட்டிஷ் அரசாங்கம். 1816இல் ஆளுநர் பிரவுன்ரிக் அவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் வேலை செய்ய இடம் கொடுத்தார். முதலில் தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும், பிறகு உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய். அந்த நிலையங்களின் விடுதிப் பள்ளிகளில் தேறிய பையன்களை மேற்படிப்புக்குச் சேர்க்கத்தான் நடுவில் ஒரு பள்ளி தேவைப்பட்டது.

அடுத்து வந்த ஆளுநர் பார்ன்ஸ் அமெரிக்கர்களை நம்பவில்லை. 1820இல் அச்சு வேலைக்கென்று வந்த ஜேம்ஸ் காரட்டைத் தீவை விட்டே போகச் சொன்னார். புதிதாக எவரும் வரவும் தடை. அச்சகம் இருந்தும் அதை இயக்க ஆளில்லை. பூவர் குழுவினர் 1823இல் அச்சிட்ட திட்டம் ஆங்கிலமும் தமிழும் சமஸ்கிருதமும் கற்பிக்கும் முழுக் கல்லூரி ஒன்றுக்கானது. அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. அதனால்தான் ‘கல்லூரி’ என்று சொல்லாமல் ‘செமினரி’ என்ற அடக்கமான பெயர். ஹோர்ட்டன் ஆளுநராக இருந்த 1833இல் தடை நீங்கியது. மானிப்பாயில் அச்சகம் ஓடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மிஷன் பள்ளி என்றால் வேதப் பாடம்தானே? வேறென்ன கற்பித்தார்கள்? தமிழுக்கு இடம் இருந்ததா?
— தமிழாசிரியர், நாகர்கோவில்

வேதப் பாடம் கட்டாயம். அதோடு யூக்ளிட்டின் வடிவியல், பீசகணிதம் (அல்ஜிப்ரா), தர்க்கம், இயற்கை விஞ்ஞானம், வானியல் எல்லாம் இருந்தன. தமிழில் நன்னூல், நிகண்டு, திருக்குறள். 1840களின் இறுதியில் வந்து பார்த்த காலனியச் செயலர் எமர்சன் டென்னன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்க இடம் என்று எழுதினார். கொஞ்சம் மிகை என்றே கொள்ளலாம், ஆனால் கணிதத்தைப் பொறுத்தவரை பெரிய மிகை இல்லை. இங்கே படித்த கறல் விசுவநாதபிள்ளை 1855இலேயே தமிழில் பீசகணித நூல் எழுதினார்.

வானியலைச் சைவத்துக்கு எதிரான ஆயுதமாகவே மிஷனரிகள் எடுத்தார்கள். 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும் பூவரின் கணிப்பும் மூன்று இடங்களில் முட்டின. தொடங்கும் நேரத்தில் 15 நிமிட வேறுபாடு. நீடிக்கும் நேரத்தில் 24 நிமிடம். மறையும் அளவில் 3 விரல்: நிலவின் விட்டத்தை 12 பங்காக்கினால் 3 பங்கு, அதாவது கால்வாசி. வேறுபாட்டை முன்கூட்டியே எல்லாருக்கும் அறிவித்துவிட்டு, மணிக்கூட்டை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பூவரின் கணக்கே பலித்தது.

சாஸ்திரியார் கணக்குப் பிழைவிட்டார் என்பதல்ல இதன் பொருள். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் வாக்கிய முறை. கோள்களின் நடையை மனப்பாட வாக்கியங்களாகக் கட்டி வைத்து, அவற்றிலிருந்து கூட்டிக் கழித்து நாளைப் பெறுவார்கள். மூல எண்களில் உள்ள மிகச் சிறிய பிசகு ஆண்டுக்காண்டு சேரும். பார்த்துத் திருத்தாவிட்டால் சில நூற்றாண்டில் நிமிடக் கணக்கில் வெளியே தெரியும். அதுதான் நடந்தது. இராகு கேது கதை விழுந்தால் சைவமும் விழும் என்ற பூவரின் எதிர்பார்ப்பு மட்டும் பலிக்கவில்லை. பஞ்சாங்கம் கணிப்பவருக்குக் கிரகணம் நிழலால் ஆவது என்று ஏற்கனவே தெரியும். அதை வைத்துத்தான் அவர் கணிக்கவே செய்கிறார். அடுத்த அதிபர் ஹொய்சிங்டன் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்பது எங்கள் எண்ணம். அவர் இங்குள்ள சோதிட முறையையே ஊன்றிப் படித்து நூல் எழுதினார், சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

அவ்வளவு பேர் பெற்ற பள்ளியை 1855இல் ஏன் மூடினார்கள்? பணமில்லையா?
— வாசகர், மட்டக்களப்பு

பணம் காரணமல்ல, கொள்கை. சங்கத்தின் செயலர் ரூஃபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். அவர் கண்டது இது: ஆங்கிலம் படித்த பையன் ஊர்ச் சபைக்குப் போதகராகப் போவதில்லை, கச்சேரிக்கும் (அரசாங்க அலுவலகம்) நீதிமன்றத்துக்கும், கொழும்புக்கும் சென்னைக்கும் போகிறான். மிஷன் செலவழிக்கிறது, அரசாங்கம் எழுதுவினைஞரைப் பெறுகிறது. எனவே ஆங்கிலக் கல்வியை நிறுத்தி, தாய்மொழியில் போதகரையும் ஆசிரியரையும் பயிற்றினால் போதும் என்று முடிவானது. 32 ஆண்டுகளில் அறுநூறுக்கு மேற்பட்ட மாணவர் படித்த இடம் அப்படி மூடப்பட்டது. சில ஆண்டு கழித்துத் தமிழ்வழிப் பயிற்சிப் பள்ளியாகச் சிறிய அளவில் திறந்தார்கள்.

அண்டர்சனை ஆங்கிலப் பகைவர் என்று திட்டுவது யாழ்ப்பாணத்தில் வழமை. அது நியாயமல்ல. சபைகள் தம்மைத் தாமே நடத்த வேண்டும், தம் செலவைத் தாமே பார்க்க வேண்டும், தம் மொழியில் இயங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தாய்மொழிக் கல்வி வெறும் பேச்சும் அல்ல: மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களும் செய்தார். அண்டர்சன் பிழைவிட்ட இடம் வேறு. பெற்றோர் பிள்ளையை எதற்காக அனுப்பினார்கள் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. தோட்டக் காணி துண்டு துண்டாகப் பிரிந்துபோன குடாநாட்டில் ஆங்கிலம் என்பது சம்பளம். மிஷன் விட்டதும், செமினரியின் பழைய மாணவர்களே ஆங்கிலப் பள்ளிகளை நடத்தத் தொடங்கினார்கள். பிறகு கல்லூரி கேட்டு மனு எழுதினார்கள். தம்மைத் தாமே நடத்துவது என்ற அண்டர்சனின் கொள்கை அவர் விரும்பாத ஆங்கிலக் கல்லூரி ஒன்றில்தான் யாழ்ப்பாணத்தில் காலூன்றியது!

படித்தவர்கள் எல்லாரும் மதம் மாறினார்களா? சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கேதானே படித்தார்?
— கல்லூரி மாணவி, திருச்சி

ஆம், அங்கேதான். அவரும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள். இருவரும் மாணவர்களாகக் கிறிஸ்தவர்கள், பின்னாளில் சைவர்கள். தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த தாமோதரம்பிள்ளைக்கு ஏடுகளை ஒப்புநோக்கும் ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதி விடை வட்டுக்கோட்டையில் இருக்கிறது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியைத் தொடங்கிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் செமினரி மாணவர்தான். 1841இல் வந்த ‘உதயதாரகை’ பத்திரிகையின் முதல் ஆசிரியர்களும் அப்படியே.

சாதி விஷயத்தில் மிஷன் பள்ளிகள் உண்மையில் எப்படி நடந்தன?
— வாசகர், வவுனியா

பெருமைப்பட அதிகமில்லை. தொடக்க காலத்தில் உயர்சாதிப் பெற்றோர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, விடுதிச் சமையலிலும் பந்தியிலும் மிஷனரிகள் ஊர் வழமைக்கு விட்டுக்கொடுத்தார்கள். சம ஆசனம், அதாவது எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே மாதிரி ஆசனத்தில் இருக்க வேண்டும், என்ற அரசு உத்தரவு 1929இல் வந்தபோதும் குடாநாட்டில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனால் அந்தப் பத்தாண்டில் சம ஆசனத்துக்கும் சம பந்திக்கும் குரல் கொடுத்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முளைத்தது யாழ்ப்பாணக் கல்லூரி மாணவர், ஆசிரியர் நடுவில்தான். ஹன்டி பேரின்பநாயகம் அதன் முன்னணி. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே.

பூட்டனார் செமினரியில் படித்தார் என்று வீட்டில் சொல்வார்கள். பதிவேட்டில் அவர் பெயரே கிடைக்கவில்லை. எங்கே தேடுவது?
— வாசகி, மானிப்பாய்

அவர் பெயரில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு மாணவனின் செலவை ஏற்ற அமெரிக்கர், அவனுக்குத் தமக்குப் பிடித்த பெயரை வைக்கலாம். அதனால்தான் இடாப்பு முழுக்க ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனுமாக இருக்கும். ‘உதயதாரகை’யை நடத்திய இருவரின் பெயர்களே அவை, ஆட்கள் தமிழர். முதலில் குடும்பத்தின் பழைய காணி உறுதி (பத்திரம்), திருமணப் பதிவு, கல்லறைக் கல் ஆகியவற்றில் பெயருக்கு முன்னால் நிற்கும் ஆங்கில முதலெழுத்துகளைப் பாருங்கள். அவை எந்த அமெரிக்கப் பெயரின் சுருக்கம் என்று ஊகித்துக்கொண்டு, செமினரி மூன்றாண்டுக்கு ஒருமுறை அச்சிட்ட அறிக்கைகளில் வகுப்புவாரிப் பட்டியலைப் பாருங்கள். சங்கத்தின் மூல ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. உள்ளூர் அச்சு வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ மின்னூலகத்தில் தொடங்குவது சுலபம்.

சறுக்கும் இடங்கள் மூன்று. ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் வேறு மாதிரி இருக்கும்: வட்டுக்கோட்டை ‘பட்டிக்கோட்டா’, தெல்லிப்பழை ‘டில்லிப்பள்ளி’, உடுவில் ‘ஊடூவில்’. ஒரே அமெரிக்கப் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட பையன்கள் சுமந்திருக்கலாம். ஊரும் வகுப்பு ஆண்டும் பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். சபைப் பதிவேட்டில் இல்லை என்பதற்காக அவர் படிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஞானஸ்நானம் பெறாமலே படித்து முடித்தவர்கள் உண்டு.

1960இல் அரசாங்கம் பாடசாலைகளை எடுத்தபோது யாழ்ப்பாணக் கல்லூரி எப்படித் தப்பியது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழும்பு

தப்பியது என்பதைவிட, விலை கொடுத்து நின்றது என்பதே பொருத்தம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையை அரசிடம் கொண்டுபோனது. அடுத்த ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் சொத்தையும் கொண்டுபோனது. மேல்வகுப்புகள் கொண்ட பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருந்தது: அரசு உதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் தனியாக நிற்கலாம். யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி போன்றவை அப்படி நின்றன. மிஷனின் கிராமப் பள்ளிகளுக்கு அந்தத் தெரிவே கிடையாது, அவை போயின.

சிக்கல் இங்கேதான். ஆசிரியர் சம்பளத்துக்கு வந்த அரசுப் பணம் நின்றது. விரும்பியபடி கட்டணம் வாங்கவும் சட்டம் விடவில்லை. மிஞ்சியது வசதிக் கட்டணம், விடுதிப் பணம், பழைய மாணவர் நன்கொடை, வெளிநாட்டு மூலதனத்தின் வருமானம். பின்னாளில் இப்படி நின்ற பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர் சம்பளத்தை அரசு மீண்டும் ஏற்றது. ஆனால் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு நிற்கவில்லை. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அரசு அதை எடுத்து, விஞ்ஞான பீடத்தை அங்கே வைத்தது.

பிள்ளையைக் கிறிஸ்தவத் தனியார் பாடசாலையில் சேர்க்க எண்ணுகிறோம். நாங்கள் சைவர்கள். எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?
— பெற்றோர், சுன்னாகம்

சமயம் பற்றி அதிகம் கவலை வேண்டாம். சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம். பிள்ளை சைவசமயத்தையே எடுத்துப் பரீட்சை எழுதலாம். அதைக் கற்பிக்க நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். காலை ஆராதனைக்கு எல்லாரும் இருக்க வேண்டுமா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்; பிறகு முறைப்பட்டுப் பயனில்லை.

அதைவிட முக்கியம், அது எந்த வகைப் பாடசாலை என்பது. கல்வி அமைச்சின் அங்கீகாரம் பெற்ற தனியார் பாடசாலை தேசியப் பாடத்திட்டத்தைக் கற்பிக்கும். ‘சர்வதேசப் பாடசாலை’ என்ற பலகையோடு இருப்பவை கம்பனியாகப் பதிந்தவை; அமைச்சின் மேற்பார்வை அவற்றுக்கு இல்லை, பெரும்பாலும் இலண்டன் பரீட்சைகளுக்கே ஆயத்தப்படுத்துகின்றன. பிள்ளை உள்நாட்டுப் பல்கலைக்கழகம் போக வேண்டுமென்றால் இந்த வேறுபாடு பெரிது. ஆசிரியர் சம்பளம் யார் கொடுக்கிறார், உயர்தரத்தில் எந்தெந்தத் துறைகள் உண்மையில் நடக்கின்றன, கட்டணத்துக்கு மேல் வருடம் முழுக்க வேறென்ன வாங்குவார்கள்: இந்த மூன்றுக்கும் அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள். கணிதப் பிரிவு உண்டு என்பார்கள். இரசாயனவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று ஆய்வுகூடம் வரை போய்ப் பாருங்கள்.