பிராங்கன்ஸ்டைன் நாவலில் பிணத்துக்கு உயிர் கொடுத்தது மின்னல்தானா?

இல்லை. நானும் படத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் நாவலை எடுத்தவன்தான். அந்த மின்னல் காட்சி எப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ நவம்பர் மாத மழை இரவும், எரிந்து தீரப்போகும் ஒரு மெழுகுவர்த்தியும்தான். உயிரில்லாத உடலுக்குள் ஒரு 'பொறி'யைச் செலுத்தப் பார்த்ததாக, அந்த உடலை உருவாக்கிய கதாநாயகன் விக்டர் சொல்கிறான். எப்படி என்பதை மட்டும் கடைசிவரை சொல்ல மாட்டான்.

ஆனால் 1818-இல் நாவலைப் படித்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்திருக்கும். இத்தாலியில் கால்வானி என்ற விஞ்ஞானி, செத்த தவளையின் கால்களை மின்சாரத்தால் துடிக்க வைத்திருந்தார். அவருடைய சகோதரி மகன் அல்தீனி இன்னும் ஒரு படி மேலே போனார். 1803 ஜனவரியில் லண்டனில், கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் பாஸ்டரின் உடலில் பேட்டரியின் கம்பிகளை வைத்தார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, வலது கை மேலே எழுந்து விரல்கள் மடங்கின. அப்போது நாவலை எழுதிய மேரி ஷெல்லிக்கு ஐந்து வயது. பின்னாளில், 1831 பதிப்பின் முன்னுரையில், கால்வானியின் பெயரால் வழங்கிய இந்த மின்சார வித்தையை அவரே குறிப்பிடுகிறார்.

மின்னல் நாவலில் இல்லாமலும் இல்லை. சிறுவன் விக்டரின் கண்முன்னே ஒரு ஓக் மரத்தைச் சிதறடிக்கிறது. ஆனால் உயிர் கொடுக்கும் வேலை அதற்கு இல்லை.

சினிமாவுக்கு வந்தால் வேடிக்கை. இந்தக் கதையை 1910-இல் முதலில் படமாக்கியது எடிசனின் நிறுவனம். மின்விளக்குக்குப் பேர்போன அந்த மனிதரின் கம்பெனி எடுத்த படத்தில் மின்சாரமே இல்லை! ஒரு பெரிய கொப்பரையில் ரசாயனங்களைக் கொட்டுகிறார்கள், அதிலிருந்து உருவம் எழுகிறது. ஒரு பொம்மையை எரித்துப் படம்பிடித்து, அதைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். எலும்பின் மேல் சதை தானாக வந்து ஒட்டுவதைப் பார்த்தால் இன்றைக்கும் குமட்டும்.

நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் மின்னல் 1931 படத்தில்தான் வந்தது. அதற்குள் சினிமா பேசத் தொடங்கியிருந்தது. இடியையும் பொறி வெடிக்கும் சத்தத்தையும் கேட்க வைக்க முடிந்தபோது, மெழுகுவர்த்தியை யார் சீண்டுவார்கள்? கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் என்ற எலக்ட்ரீஷியன் செய்து கொடுத்த கருவிகள்தான் அந்த ஆய்வுக்கூடம் முழுக்கப் பொறி கக்குகின்றன. 1974-இல் இதே கதையைக் கிண்டலடித்து எடுத்த படத்துக்கும் அவருடைய பழைய கருவிகளையே பயன்படுத்தினார்கள்.

1931 படத்தில் பூதத்துக்கு உயிர் வந்ததை நமக்கு முதலில் காட்டிக்கொடுப்பது அதன் கை. பாஸ்டரின் கையைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் காட்சியைச் சும்மா பார்க்க முடியவில்லை.